தோரியம் ஈயமாகும் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தால் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள்.

நம் பக்கத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. அதற்குள் இருப்பது தோரியம். முன்பு கோயில் கொடைகளில் பெட்ரோமாக்ஸ் எரியுமே, அதன் மேன்டிலிலும் இதே தோரியம்தான். அணு எண், அதாவது அணுவின் நடுவிலுள்ள கருவில் இருக்கிற புரோட்டான்களின் எண்ணிக்கை, 90. நிறை எண், அதாவது புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த எண்ணிக்கை, 232. இதன் கரு தானாகவே சிதைந்து வேறு தனிமமாகும்; இதில் பாதி சிதையவே சுமார் 1,400 கோடி ஆண்டு ஆகும்.

ஆல்ஃபா சிதைவில் இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் ஒரே கட்டியாக வெளியே போகும். நிறை எண்ணில் 4 போச்சு, அணு எண்ணில் 2 போச்சு. தோரியம், ரேடியம்-228 ஆகிவிடும். அணு எண் 88.

பிள்ளைகள் சறுக்குவது அடுத்த வகையான பீட்டா சிதைவில். எலக்ட்ரான் வெளியே போகிறதே, அப்போ அணு எண் ஒன்று குறையும் என்று எழுதிவிடுவார்கள். குறையாது, கூடும். அது கருவைச் சுற்றி ஓடுகிற எலக்ட்ரான் அல்ல. கருவுக்குள் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறபோது அந்த நொடியில் பிறந்து ஓடுவது. புரோட்டான் ஒன்று கூடினால் அணு எண்ணும் ஒன்று கூடும். நிறை எண் அசையாது. ஆக ரேடியம் 88, ஆக்டினியம் 89, இன்னொரு பீட்டா போனால் 90. மறுபடியும் தோரியம்! ஆனால் நிறை எண் 228. பெயர் பழையது, ஆள் இளைத்துவிட்டது.

இந்த வரிசை ஈயம்-208-இல் போய் நிற்கிறது. மொத்தம் எத்தனை ஆல்ஃபா, எத்தனை பீட்டா? முதலில் நிறை எண்ணைப் பாருங்கள். அதைக் குறைப்பது ஆல்ஃபா மட்டும்தான். 232-இல் 208 போனால் 24, நாலால் வகுத்தால் 6. ஆறு ஆல்ஃபா. இனி அணு எண். 90-இல் 12 போனால் 78. பலர் இங்கேயே பேனாவை வைத்துவிடுகிறார்கள். 78 பிளாட்டினம் ஐயா! மணல் தானாகப் பிளாட்டினம் ஆனால் கடற்கரையில் கால் வைக்க இடம் கிடைக்குமா? ஈயம் 82. குறைகிற நாலையும் ஏற்றிவிடுவது நான்கு பீட்டா. மறுபடி சொல்கிறேன்: நிறை எண் முதலில், அணு எண் பிறகு. மாற்றிப் போட்டால் கணக்கு நிற்காது.

நேரமாகிவிட்டது என்று சைகை வருகிறது. காமா கதிர் வெளிவந்தால் எந்த எண்ணும் மாறாது. கரு கூடுதல் ஆற்றலை மட்டும் இறக்கிவைக்கிறது. பாசிட்ரான், அதாவது நேர்மின் கொண்ட எலக்ட்ரான், வெளிவந்தாலும், கரு தன்னைச் சுற்றி ஓடுகிற எலக்ட்ரானையே கவர்ந்தாலும், அணு எண் ஒன்று குறையும். வாழைப்பழத்திலுள்ள பொட்டாசியம்-40 அணு எண் கூடும் வழி, குறையும் வழி இரண்டிலும் போகும்: நூற்றுக்கு 89 பீட்டாவால் கால்சியமாகும், மீதி பெரும்பாலும் எலக்ட்ரானைக் கவர்ந்து ஆர்கானாகும்.

யுரேனியம்-238, அணு எண் 92, ஈயம்-206 ஆகும் கணக்கை நீங்களே போடுங்கள். எட்டு ஆல்ஃபா, ஆறு பீட்டா வரவேண்டும். வணக்கம்.