அப்பாயி ரவிக்கைய உள்பக்கம் திருப்பிப் பாத்தப்ப

எல்லாருக்கும் வணக்கம். என் கையில இருக்குறது எங்க அப்பாயியோட ரவிக்கை, நாகப்பட்டினத்துல ரஜுலா கப்பல் ஏறி சிங்கப்பூர் வந்தப்ப ட்ரங்க் பெட்டில இருந்தது. வெளியில பாத்தா வெளுத்துப்போன செங்கல் கலர். இப்ப உள்ள திருப்புறேன், முன்வரிசையில இருக்கவங்க பாருங்க, தையலுக்குள்ள மடிஞ்ச ஓரத்துல அரக்கு கலர் அப்படியே இருக்கு, ஏன்னா அங்க வெளிச்சமே பட்டதில்ல. பழைய உடுப்ப மறுபடி செய்யணும்னா கலர இங்கதான் எடுக்கணும்.

அடுத்தது அக்குள். இப்ப இங்க சிங்கப்பூர் தேக்கா சென்டர் மாடியில நாம தைக்கக் குடுக்குற பிளவுஸ்ல கைய வளைச்சு வெட்டுவாங்க. இதுல வளைவே இல்ல, எல்லாம் நேர் வெட்டு, துணி வேஸ்ட் ஆகாது, ஆனா நேரா வெட்டினா கைய தூக்க முடியாதே, அதுக்குத்தான் அக்குள்ல ஒரு சின்ன சதுரத் துண்டு மூலைவாக்குல வச்சிருக்கு. பாவு, அதாவது நீளவாக்கு நூல் பக்கமோ, ஊடை, அதாவது குறுக்கு நூல் பக்கமோ இழுத்தா துணி அவ்வளவா நீளாது, மூலைவாக்குல இழுத்தா நல்லா நீளும். நான் முதல்ல காடாத் துணில மாதிரி தைச்சப்ப இத கிழிசலுக்குப் போட்ட ஒட்டுன்னு நெனச்சு விட்டுட்டேன், என் மக போட்டுக்கிட்டு கைய தூக்குனா, டர்ருன்னு கிழிஞ்சிருச்சு. அன்னைக்குதான் அந்தத் துண்டு எதுக்குன்னு புரிஞ்சுது!

காலம் கண்டுபிடிக்கிறப்ப அவசரப்படாதீங்க. மெஷின் தையல் இருக்குன்னா புதுசுன்னு சொல்றாங்க, சிங்கர் 1851லயே பேட்டன்ட் வாங்கியாச்சு. செயற்கைச் சாயமும் 1856ல பெர்கின் கண்டுபிடிச்சதுலேர்ந்தே இருக்கு. இதுல நீளத் தையல் மெஷின், கழுத்து மட்டும் கைத்தையல், தையல் ஒவ்வொண்ணும் ஒரு நீளம்.

ஒரே ஒரு வேண்டுகோள், பிரிச்சுப் பாக்காதீங்க. எந்தத் தையல் மேல எந்தத் தையல் ஏறியிருக்குன்னு பாத்தாதான் எத முதல்ல தைச்சாங்கன்னு தெரியும், பிரிச்சுட்டா அது போச்சு, திரும்ப வராது. லென்ஸ் வச்சு அங்குலத்துக்கு எத்தனை இழைன்னு எண்ணுங்க, துண்டு துண்டா அளந்து கிராஃப் பேப்பர்ல வரைங்க, பாவு எந்தப் பக்கம் ஓடுதுன்னு அம்புக்குறி போடுங்க.

வீட்டுல பழசு ஏதாவது பிளாஸ்டிக் கவர்ல கட்டி வச்சிருந்தா இன்னைக்கே எடுத்துருங்க, நம்ம ஊரு ஈரத்துக்கு பூஞ்சை புடிச்சிரும். துவைச்சுக் காயவச்ச வெள்ளை வேட்டில சுத்தி வைங்க. அடுத்த கூட்டத்துக்கு கொண்டாங்க, லென்ஸ் நான் எடுத்துட்டு வரேன்.