பத்து மாசமும் பத்து நிமிஷமும்

நடுவர் ஐயாவுக்கும் ராயபுரத்து மக்களுக்கும் வணக்கம். கடுமையான நோயில் கிடக்கும் பிள்ளைக்குச் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லப் பெற்றோருக்கு உரிமை உண்டா, இல்லையா? இதுதான் தலைப்பு. இல்லை என்பது எங்கள் அணி.

எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு வரி போட்டார், விசில் பறந்தது. "பத்து மாசம் சுமந்தவளுக்கு இல்லாத உரிமை, பத்து நிமிஷம் பார்க்கிற டாக்டருக்கு எங்கிருந்து வந்தது?" என்றார். சரி தம்பி, பதிலைக் கூட்டத்திடமே கேட்போம். நம்ம ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் கையைத் தூக்குங்கள். பாருங்கள் ஐயா, பாதிப் பந்தல் தூக்கியிருக்கிறது! தம்பி கையும் பாதி எழும்பி நிற்கிறது. முழுசாகத் தூக்குங்கள் தம்பி, இதில் என்ன கூச்சம்? பத்து மாசம் அம்மா சுமந்தார். கடைசிப் பத்து நிமிஷம், கொடி சுற்றியதோ, பனிக்குடம் முன்னாலேயே உடைந்ததோ, தாயையும் பிள்ளையையும் உயிரோடு பிரித்துக் கொடுத்தவர் யார்? அன்றைக்கு உங்கள் அம்மா "பிள்ளை என்னுது, யாரும் கிட்ட வராதீங்க" என்றா சொன்னார்? "எப்படியாவது காப்பாத்துங்கம்மா" என்றுதான் கத்தியிருப்பார்.

காசிமேட்டில் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். பேர் வேண்டாம். ஆறு வயசுப் பெண் பிள்ளை. அப்பா விசைப்படகில் போகிறவர். பிள்ளைக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், சோறு இறங்கவில்லை, காலெல்லாம் நீலம் நீலமாகத் தடம். "இது தொக்கம், தின்னது உள்ளேயே சிக்கிக்கிச்சு" என்றார் ஆயா. தொக்கம் எடுக்கிறவரிடம் போனார்கள். அவர் குழலை வயிற்றில் வைத்து உறிஞ்சி, உள்ளங்கையில் ஒரு இட்லித் துணுக்கைக் காட்டினார். ஆயா கும்பிட்டார். மறுவாரம் ஈறில் ரத்தம். திரும்பப் போனார்கள். இந்த முறை கறித்துண்டு வந்தது! பிள்ளை கறி தின்றே ஒரு மாசம் ஆகிறது ஐயா! ஆயா அப்பவும் கும்பிட்டார். மூன்றாவது முறை போவதற்குள் பிள்ளை மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், ரத்தப் புற்றுநோய்.

ஒரு மாசம் சிகிச்சை. காய்ச்சல் போச்சு, தடமெல்லாம் மறைந்தது. ஆனால் முடி கொட்டியது, ராத்திரியெல்லாம் வாந்தி. அது தடைக்காலம், ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் கடலுக்குப் போக முடியாது. அப்பா வீட்டிலேயே இருந்து அத்தனையும் பார்க்கிறார். ஒருநாள் சொல்லிவிட்டார்: "நோய் போயிடுச்சு. இனிமே ஊசி வேணாம். என் புள்ள, நான் பாத்துக்கறேன்." போனை அணைத்துவிட்டார்.

டியூட்டி முடிந்த ஒரு சிஸ்டர் நேராகத் துறைமுகத்துக்கே வந்துவிட்டார். இவர் வலை சரிபார்த்துக்கொண்டிருக்கிறார், நிமிரவே இல்லை. சிஸ்டர் அந்த ஈரத் தரையிலேயே எதிரில் உட்கார்ந்தார். "அண்ணே, ரத்தத்துல இப்ப நோய் தெரியல, அவ்ளோதான். எலும்பு மஜ்ஜைக்குள்ள இருக்கும்." இவர் சொன்னார்: "தெரியலன்னா இல்லன்னுதானேம்மா அர்த்தம்?" சிஸ்டர் கேட்டார்: "கடல் மேல ஒண்ணும் தெரியலன்னு வலை போடாம திரும்பிடுவியாண்ணே?"

பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும், இன்னொரு தடவை சொல்கிறேன். கடல் மேல ஒண்ணும் தெரியலன்னு வலை போடாம திரும்பிடுவியாண்ணே? அவர் கையில் இருந்த வலை ஊசி அப்படியே நின்றுவிட்டது. மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த சிஸ்டர் சொன்னது மருத்துவ உண்மை. பிள்ளைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு, மூன்று வருஷம் மருந்து தொடர வேண்டும். நடுவில் விட்டால் திரும்பி வரும், வந்தால் அடக்குவது கடினம். ஒரு காலத்தில் வந்தால் சாவுதான் என்றிருந்த நோய். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். பணத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை.

அந்த சிஸ்டர் வரவில்லை என்றால்? அதற்குத்தான் சட்டம். 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம், 75ஆவது பிரிவு: பொறுப்பில் இருக்கும் பிள்ளையை வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டு வேதனைக்கு ஆளாக்கினால் 3 வருஷம் வரை சிறை. 1944இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் சொன்னது, பெற்றோர் தாங்கள் தியாகியாகலாம், பிள்ளையைத் தியாகியாக்க முடியாது என்று. இனி எந்த மருந்தும் கேட்காது என்று டாக்டரே கைவிட்ட நிலையில், வலி குறைத்து மடியில் வைத்துக்கொள்கிறார்களே, அந்தப் பெற்றோரை நாங்கள் சொல்லவில்லை. அது வேறு. அவர்களை நான் கும்பிடுகிறேன்.

காசிமேட்டு அப்பாவையும் நான் திட்ட மாட்டேன் தம்பி. பிள்ளை வாந்தி எடுக்கும்போது இரண்டு கையையும் ஏந்திப் பிடித்தவர் அவர். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவர் அவர். பாசம் இல்லாமலா வேண்டாம் என்றார்? தாங்க முடியாமல் சொன்னார். நெஞ்சு உடைந்து நிற்கிற மனிதன் கையில் அந்த முடிவைக் கொடுத்து "இது உன் உரிமை, நீயே பார்த்துக்கோ" என்று ஊர் ஒதுங்கிக்கொள்ளலாமா? அம்மாமார்களே, நீங்களே சொல்லுங்கள், அந்த ராத்திரியில் உங்களுக்கு உரிமையா வேண்டும்? பக்கத்தில் வந்து உட்கார ஒரு ஆள் வேண்டாமா?

அந்தப் பெண் இப்போது ஆறாம் வகுப்பு. ரெட்டை ஜடை. அன்றைக்கு அவளைக் கேட்டிருந்தால் அவளும் ஊசி வேண்டாம் என்றுதான் அழுதிருப்பாள். அவ்வளவு சின்னப் பிள்ளை. அவள் கேட்கத் தெரியாமல் போனதை நாங்கள் கேட்கிறோம் நடுவர் ஐயா. தீர்ப்பை அவள் பக்கம் சொல்லுங்கள். வணக்கம்.