புதிய ஹாரி பாட்டர் சீரிஸில் சிரியஸ் பிளாக்காக யார் வர வேண்டும்? விடை ஒரு கல்லறையில் இருக்கிறது

வணக்கம் நண்பர்களே. என் கையில் இருப்பது ஹாரி பாட்டர் ஏழாவது புத்தகம். அட்டை கிழிந்து, செல்லோ டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், பாருங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, பனி விழுந்து கிடக்கிறது. காட்ரிக்ஸ் ஹாலோ என்ற கிராமத்தின் கல்லறைத் தோட்டத்துக்குள் ஹாரியும் அவன் தோழி ஹெர்மயனியும் போகிறார்கள். அப்பா அம்மாவைப் புதைத்த இடத்தை ஹாரி முதல் தடவையாகப் பார்க்கிறான். வெள்ளைப் பளிங்குக் கல். அதில் பொறித்திருப்பதை என் விரலோடு சேர்ந்து படியுங்கள். ஜேம்ஸ் பாட்டர், பிறப்பு 27 மார்ச் 1960. லில்லி பாட்டர், பிறப்பு 30 ஜனவரி 1960. இருவரும் இறந்தது ஒரே நாள், 31 அக்டோபர் 1981.

21 வயது. அவ்வளவுதான். காலேஜ் முடித்து முதல் வேலைக்குப் போகிற வயது. அந்த வயதில் கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, ஒரு போரில் சண்டை போட்டு, செத்தும் போய்விட்டார்கள். முதன்முறை இதைப் படித்தபோது எனக்கு இது உறைக்கவே இல்லை. முதல் படத்தில் மந்திரக் கண்ணாடிக்குள் தெரியும் அப்பா அம்மா முகம்தான் மனதில் இருந்தது. ஜேம்ஸாக வந்த ஏட்ரியன் ராலின்ஸுக்கு அப்போது 42 வயது. கல்லறை சொல்வதில் சரியாக இரண்டு மடங்கு.

அமெரிக்க டிவி நிறுவனமான எச்பிஓ எடுக்கும் புதிய சீரிஸில் யார் யார் நடிப்பார்கள் என்று நாம் எல்லோரும் பெயர்களை அடுக்கிக்கொண்டிருக்கிறோமே, அந்தப் பேச்சை நான் இந்தக் கல்லில் இருந்துதான் தொடங்குவேன். ஹாரியை வெறுக்கும் ஆசிரியர் ஸ்னேப், ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ், பின்னால் அவனுக்கு ஆசிரியராக வரும் லூபின் மூவரும் ஜேம்ஸோடு ஒரே வருடத்தில் ஹாக்வார்ட்ஸ் மந்திரப் பள்ளியில் படித்தவர்கள். அப்படியென்றால் முதல் புத்தகத்தில் ஹாரி பள்ளிக்கு வரும்போது ஸ்னேப்புக்கு 31 வயது. பழைய படங்களில் அந்த வேடத்தில் ஆலன் ரிக்மன் நடிக்கத் தொடங்கியபோது அவருக்கு 54.

ரிக்மனைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. இன்றும் ஸ்னேப் பேசும் வரிகளைப் படித்தால், இழுத்து இழுத்து வரும் அந்தக் குரல்தான் காதில் விழுகிறது. அவருடைய ஸ்னேப்பிடம் ஒரு ஓய்ந்துபோன கம்பீரம் இருந்தது. ஆனால் புத்தகத்தில் இருக்கும் ஸ்னேப் ஓய்ந்துபோனவன் இல்லை. அவனுக்குள் எரிந்துகொண்டே இருக்கிறது. 15 வயதில் எல்லோர் முன்னாலும் தலைகீழாகத் தொங்கவிட்டு அவமானப்படுத்திய ஜேம்ஸின் மகன், அதே முகத்தோடு வகுப்பில் வந்து உட்காருகிறான். அந்தக் காயத்துக்கு வயது 16 வருடம்கூட இல்லை. 54 வயதுக்காரர் ஒரு குழந்தையிடம் அப்படி நடந்தால் கொடுமை என்று மட்டும் தோன்றும். 31 வயதுக்காரன் செய்தால், இவன் இன்னும் அந்தப் பள்ளியை விட்டு வெளியே வரவே இல்லை என்று புரியும்.

அதனால்தான் 2025 ஏப்ரலில் புதிய ஸ்னேப்பாக பாப்பா எஸ்சிடு என்ற பெயர் அறிவிக்கப்பட்டதும், நான் முதலில் தேடியது அவர் பிறந்த வருடத்தை. 1990. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் பெட்யூனியாவாக பெல் பவுலி. 1992-இல் பிறந்தவர். லில்லியின் அக்காவுக்கு முப்பதுக்குக் கொஞ்சம் மேலேதானே இருக்க முடியும்? பொருத்தமாக இருக்கிறது. இவர்கள் கல்லறையைப் படித்துவிட்டுத்தான் ஆள் தேடியிருக்கிறார்கள் என்ற நம்பிக்கை எனக்கு அங்கேதான் வந்தது. பேராசிரியை மெக்கோனகலாக வரும் ஜேனட் மெக்டீர் ஆறடிக்கு மேல் உயரம். புத்தகத்திலும் மெக்கோனகல் உயரமானவர், கறுப்புக் கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டிருப்பவர். படங்களில் அந்த வேடத்தில் வந்த மேகி ஸ்மித்தை நாம் அவ்வளவு நேசித்ததில் இது மறந்தே போய்விட்டது.

எஸ்சிடு விஷயத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. அவருடைய தோலின் நிறத்தை வைத்து எழுதப்பட்ட வசவுகளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அது ரசனை இல்லை, வன்மம். ஆனால் அந்தக் கூச்சலுக்கு நடுவே சில ரசிகர்கள் ஒரு நியாயமான கேள்வியும் கேட்கிறார்கள். ஐந்தாவது புத்தகத்தில் ஜேம்ஸும் சிரியஸும் ஸ்னேப்பைக் கும்பலாகச் சீண்டுகிறார்கள். ஒரு கறுப்பினப் பையனை வெள்ளைப் பையன்கள் அப்படிச் செய்வதாகத் திரையில் வந்தால், ஜேம்ஸ் மேல் நமக்கு வரும் கோபம் வேறு இடத்துக்குப் போய்விடாதா? போகும்தான். எழுதுகிறவர்கள் அதைத் தெரிந்தே கையாள வேண்டும். ஜேம்ஸாக யாரைப் போடுகிறார்கள் என்பதையும் பொறுத்தது அது. என்னைக் கேட்டால் அந்தக் காட்சி கூர்மையாவது நல்லதுதான். படத்தில் அது ஏதோ ஞாபகத் துணுக்குபோல வந்து போய்விட்டது. தன் அப்பாவைப் பற்றி ஹாரி உடைந்துபோகிற இடம் அது.

சரி, தலைப்பில் சொன்ன ஆளுக்கு வருவோம். இந்த வீடியோ எடுக்கும் வரை சிரியஸ், லூபின் இருவருக்கும் பெயர் வரவில்லை. அவர்கள் வருவது மூன்றாவது புத்தகத்தில்தான். ஆனால் ரசிகர்கள் பத்து வருடத்துக்கும் மேலாக ஒரு பட்டியலை வைத்திருக்கிறார்கள். சிரியஸ் என்றால் பென் பார்ன்ஸ். லூபின் என்றால் ஆண்ட்ரூ கார்ஃபீல்ட். ஜேம்ஸ் என்றால் ஆரன் டெய்லர்-ஜான்சன். பழைய படத் துண்டுகளை வெட்டி ஒட்டி எத்தனை அழகான வீடியோக்கள் செய்தார்கள்! நானும் இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அப்போது அந்த நடிகர்கள் இருபதுகளில் இருந்தார்கள், முகமும் பொருந்தியது.

ஆனால் இப்போது கணக்கைப் பாருங்கள். பார்ன்ஸ் பிறந்தது 1981. முதல் சீசனுக்கு இங்கிலாந்தின் லீவ்ஸ்டன் ஸ்டுடியோவில் 2025 ஜூலையில்தான் கேமரா ஓடத் தொடங்கியது. மூன்றாவது புத்தகத்துக்கான மூன்றாவது சீசனை எடுக்க 2028-ஆவது ஆகும் என்பது என் கணிப்பு. பார்ன்ஸுக்கு அப்போது 47. படத்தில் கேரி ஓல்ட்மன் சிரியஸாக நடித்தபோது அவருக்கு 45தான். ஓல்ட்மன் புத்தக சிரியஸைவிடப் பத்து வயது பெரியவர் என்று குறைபட்ட நாமே, அவரைவிடப் பெரியவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கார்ஃபீல்டுக்கும் 45ஐத் தொட்டுவிடும். நாம் கனவு கண்டுகொண்டே இருந்ததில் கனவுக்கே வயதாகிவிட்டது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். அந்த மூன்று பேரையும் என் மனதிலிருந்து எடுக்கவே நாளாயிற்று.

உயரத்தைக் கேமராவால் ஏமாற்ற முடியும். ராபி கோல்ட்ரேன் ராட்சத உருவம் கொண்ட ஹாக்ரிட்டாக நடித்தபோது, தூரத்திலிருந்து எடுத்த காட்சிகளில் மார்ட்டின் பேஃபீல்ட் என்ற முன்னாள் ரக்பி வீரர் அவருக்குப் பதிலாக நின்றார். வயதை அப்படி ஏமாற்ற வராது. ஏனென்றால் சிரியஸின் கதையே வயதைப் பற்றியது. 22 வயதை நெருங்கும்போது சிறைக்குப் போனவன், 12 வருடம் அஸ்கபானில் கிடந்துவிட்டு வெளியே வருகிறான். முழங்கை வரை சடைபிடித்த முடி, மண்டையோட்டில் தோலை இழுத்துப் போர்த்தியதுபோல முகம். கல்யாண ஃபோட்டோவில் மாப்பிள்ளைத் தோழனாகச் சிரித்துக்கொண்டு நிற்பவனும் இவன்தான் என்பதை ஹாரியால் நம்ப முடிவதில்லை. உடம்பு தேய்ந்துவிட்டது, மனது மட்டும் அந்த 22-இலேயே நின்றுவிட்டது. அதனால்தான் ஐந்தாவது புத்தகத்தில், ஹாரி ஜேம்ஸ் இல்லை என்று ரானின் அம்மா மோலி அவனிடம் சண்டை போடுகிறாள். 45 வயது முகத்தில் சிரியஸ் இன்னொரு அப்பாவாகத் தெரிவான். 33 வயது முகத்தில் அவன் ஒரு சின்னச் சித்தப்பா. சேர்ந்து ஊர் சுற்றலாம் என்று நினைக்கிற, தானே இன்னும் வளராத சித்தப்பா. ஹாரி இழப்பது அந்த ஆளைத்தான்.

அப்படியானால் யார்? ஒரு துப்பு இருக்கிறது. ஸ்ட்ராட்ஃபோர்டில் இருக்கும் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் 2016-இல் ஹாம்லெட்டாக நடித்தவர் எஸ்சிடு. அங்கே அந்த வேடத்தை ஏற்ற முதல் கறுப்பின நடிகர் அவர்தான். முதல் புத்தகத்தின் ஆசிரியர் குவிரெல்லாக வரும் லூக் தாலன் இருக்கிறாரே, அவர் 2025-இல் அதே கம்பெனியின் ஹாம்லெட். ஒரே சீரிஸில் இரண்டு ஹாம்லெட்கள்! ஆள் தேடுபவர்கள் பார்வை மேடைப் பக்கம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. நாமும் சினிமா போஸ்டரை விட்டுவிட்டு நாடக மேடையைப் பார்க்க வேண்டும். நமக்கு இன்னும் பெயர் தெரியாத ஒருவர் இப்போது லண்டனில் எங்கோ இரண்டாவது, மூன்றாவது வேடத்தில் நின்றுகொண்டிருக்கலாம்.

ஹாரி, ரான், ஹெர்மயனியாக வரும் குழந்தைகளைப் பற்றி இன்று பேசவில்லை. 32,000 பேருக்கு மேல் ஆடிஷன் கொடுத்து அதிலிருந்து தேர்வானவர்கள். முகம் அப்படி, பல் இப்படி என்று பெரியவர்கள் உட்கார்ந்து அலசுவது எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் நடிக்கட்டும், பார்ப்போம்.

பள்ளித் தலைமை ஆசிரியர் டம்பிள்டோராக வரும் ஜான் லித்கோ பற்றி மட்டும் எனக்கு ஒரு பயம் உண்டு. 1945-இல் பிறந்தவர், ஏழு புத்தகத்துக்கும் அவர் வேண்டும். படத்தில் முதலில் டம்பிள்டோராக நடித்த ரிச்சர்ட் ஹாரிஸ் இரண்டாவது படம் வெளிவருவதற்கு முன்பே 2002 அக்டோபரில் போய்விட்டார். அந்த இழப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. லித்கோ நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் சிரியஸ் யார், உங்கள் லூபின் யார் என்று எனக்கு எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். பெயருக்குப் பக்கத்தில் அவர் பிறந்த வருடத்தையும் போடுங்கள். 1993-க்கும் 1996-க்கும் நடுவில் இருந்தால், அடுத்த வீடியோவில் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, மூன்றாவது புத்தகத்தின் ரயில் காட்சியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசலாம். லூபின் ஜன்னல் ஓரம் தூங்கிக்கொண்டிருப்பாரே, அந்த இடத்திலிருந்து.