மறுபடியும் எதற்கு ரத்தம் எடுக்கிறார்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருப்பவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது இது: "காலையில்தானே ரத்தம் எடுத்தீர்கள் டாக்டர், மறுபடியும் எதற்கு?" கேட்க வேண்டிய கேள்விதான்.

ரத்தத்தின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்க வேண்டும். நுரையீரல் கரியமில வாயுவை வெளியேற்றியும், சிறுநீரகம் அமிலத்தைக் கழித்து, அமிலத்தை ஈடுகட்டும் காரப்பொருளான பைகார்பனேட்டைச் சேமித்தும் அதைக் காக்கின்றன. ஒன்று தடுமாறினால் மற்றொன்று ஈடுகட்ட முயலும். ஆகவே சோதனை முடிவில் உள்ள ஓர் எண் நோயையும் காட்டலாம், நோயைச் சமாளிக்க உடல் எடுக்கும் முயற்சியையும் காட்டலாம்.

1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, நோயாளிகளின் ரத்தத்தில் பைகார்பனேட் மிகுந்திருந்தது. காரத்தன்மை கூடிவிட்டது என்றே மருத்துவர்கள் நினைத்தார்கள். பியோர்ன் இப்சென் என்ற மயக்கவியல் மருத்துவர் அதை ஏற்கவில்லை. மூச்சுத் தசைகள் செயலிழந்து கரியமில வாயு தேங்குகிறது, ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கிறது என்றார். 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றூட்டினார். அவள் பிழைத்தாள். பின்னர் மருத்துவ மாணவர்கள் இரவு பகலாக முறைவைத்துப் பை அழுத்தினார்கள். இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. எண் ஒன்றுதான், பொருள் கொண்ட விதம் மாறியது. எனக்கு இன்றும் வியப்பூட்டும் நிகழ்வு இது.

சர்க்கரை நோய் முற்றி ரத்தம் அமிலமானவர் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்குவார். அந்த மூச்சுதான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். வென்டிலேட்டர் பொருத்தி வழக்கமான வேகத்தில் காற்றைச் செலுத்தினால் அமிலம் சட்டென்று ஏறிவிடும். அவருக்கு இன்சுலின் கொடுத்ததும் பொட்டாசியம் என்ற உப்புச்சத்து ரத்தத்திலிருந்து செல்களுக்குள் போகும். காலையில் சரியாக இருந்த அளவு மதியத்துக்குள் சரிந்து, இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். ஆகவேதான் அடிக்கடி ரத்தம் எடுக்கிறோம்.

ரத்தத்தின் மற்றோர் உப்புச்சத்தான சோடியத்தை உயர்த்துவதில் அவசரமே ஆகாது. அது நாள்பட்டுக் குறைந்திருந்தால், ஒரு நாளில் லிட்டருக்கு 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் உயர்த்துவதில்லை. மீறினால் மூளைத்தண்டின் நரம்புறை சிதைந்து கைகால் விளங்காமல் போகக்கூடும்.

உறவினர்கள் ஓர் உதவி செய்யலாம். எத்தனை நாளாக வாந்தி, வயிற்றுப்போக்கு, நீர் பிரிவதற்கான மாத்திரை உண்டா, வேறு என்ன மருந்துகள் என்று கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்; மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்து வாருங்கள்.