கட்டிலுக்கு வெளியே போகும் காசு

வணக்கம் உறவுகளே. காப்புறுதி எடுத்தால் வைத்தியச் செலவுக் கவலை தீருமா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். சுகாதாரச் சீர்திருத்தம் என்ற பேச்சு எழும்போதெல்லாம், எல்லோருக்கும் காப்புறுதி கொடுக்கலாம், அரச வைத்தியசாலையில் வசதி உள்ளவர்களிடம் கட்டணம் அறவிடலாம் என்ற இரண்டு யோசனைகளும் முன்னால் வந்து நிற்கின்றன. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை.

காசு எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். இலங்கையில் அரச வைத்தியம் இலவசம். தங்கிச் சிகிச்சை பெறுபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அரச வைத்தியசாலைகளில்தான் தங்குகிறார்கள். அப்படியிருந்தும் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழப் பாதியை மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுக்கிறார்கள். கட்டிலுக்குக் காசு கேட்பதில்லை, சத்திரசிகிச்சைக்கும் கேட்பதில்லை. பிறகு எதற்கு இவ்வளவு? பார்மசிக்கு, இரத்தப் பரிசோதனைக்கு, ஸ்கானுக்கு, மாலையில் தனியார் இடத்தில் சனல் செய்து, அதாவது காசு கட்டி முன்பதிவு செய்து, பார்க்கும் வைத்தியருக்கு.

காப்புறுதித் திட்டங்களோ பெரும்பாலும் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால்தான் பணம் தருகின்றன. மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்குத் தருபவை மிகக் குறைவு. நீரிழிவு ஏற்கெனவே இருந்தால் அதை விலக்கிவிடுவார்கள், இல்லாவிட்டால் காத்திருக்கச் சொல்வார்கள். வயது போனவர்களைச் சேர்ப்பது அரிது. யாருக்கு மருந்து அதிகம் தேவையோ அவர்களுக்கே வாசல் மூடியிருக்கிறது.

இதோ, அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் என் அம்மாவுக்கு மருந்து எழுதும் கொப்பி. கமராவுக்குக் கிட்டக் கொண்டுவருகிறேன். நீரிழிவுக்கு மெட்போர்மின், இரத்த அழுத்தத்துக்கு லொசார்டன், கொலஸ்ட்ரோலுக்கு அடோர்வாஸ்டாடின். மூன்றாவதைச் சுற்றி நீலப் பேனையால் ஒரு வட்டம் தெரிகிறதா? இங்கே இல்லை, வெளியில் வாங்குங்கள் என்பதுதான் அதன் பொருள். அம்மா பார்மசியில் ஒரு மாத மருந்தை வாங்கமாட்டார். "பத்து நாளுக்கு மட்டும் தாருங்கள் தம்பி" என்பார். அந்தப் பத்து நாள் மாத்திரையை மூன்று நாளுக்கு ஒரு தடவை விழுங்கி, அடுத்த கிளினிக் வரைக்கும் இழுப்பார். அவரைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. பிள்ளைகளிடம் கேட்கக் கூச்சப்பட்டு இப்படி இழுக்கும் தாய்மார் இந்த யாழ் குடாநாட்டில் எத்தனை பேர்! நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல் மாத்திரைகளை இப்படிக் குறைத்தால் நாளைக்குப் பாரிசவாதமும் சிறுநீரக நோயும்தான் மிஞ்சும். அப்போது அதே அரசாங்கம்தான் டயாலிசிஸுக்குச் செலவழிக்க வேண்டும். மாத்திரையில் மிச்சம் பிடித்து என்ன லாபம்?

மருந்துகளில் பெரும்பகுதி இறக்குமதி. 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது பார்மசிப் பற்றுச்சீட்டு எப்படி ஏறியது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் வழியே இல்லாத நாடு அல்ல இது. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயின் யோசனைகளின்படி 1971இல் அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனம் உருவானது. அத்தியாவசிய மருந்துகளைக் கம்பனிப் பெயரில் அல்லாமல் மூலப்பெயரில், மொத்தமாக, போட்டி விலை கேட்டு வாங்கினால் எவ்வளவு மலிவாகும் என்று அது உலகத்துக்கே காட்டியது. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதித்தார்கள். சீர்திருத்தம் என்றால் எனக்கு இதுதான்: கிளினிக் மருந்து தட்டுப்படாமல் வாங்குவதற்குப் போதிய பணத்தை வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்குவதும், அடிப்படை இரத்தப் பரிசோதனையைக் கிராமத்து வைத்தியசாலையிலேயே செய்து கொடுப்பதும்.

கட்டண யோசனைக்கு நீண்ட பதில் தேவையில்லை. வசதி உள்ளவர் ஏற்கெனவே தனியாரிடம் போகிறார். வாசலில் வருமானம் கேட்கத் தொடங்கினால் கூலிக்குப் போகிறவர்தான் கூசித் திரும்புவார்.

எங்கள் வடக்குக்கென்று இன்னொன்று இருக்கிறது. நாங்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை மத்திய அரசின் கீழ் இயங்குகிறது. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகள் மாகாணத்தின் பொறுப்பு. கடிதம் இல்லாமலே யாரும் நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்பதால், தடிமன் காய்ச்சல்காரரும் இருதய நோயாளியும் ஒரே இடத்தில் குவிகிறார்கள். ஊர் வைத்தியசாலையில் மருந்தும் பரிசோதனையும் இருந்தால் யார் விடியற்காலையில் பஸ் ஏறுவார்கள்? நெடுந்தீவுக்காரருக்கு அதற்கும் முன்னால் கடல் இருக்கிறது. 2018இல், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு வந்தது. இலவசம், அருமையான சேவை. ஆனால் மாதாந்த மாத்திரைக்கு அம்புலன்ஸ் வராது.

அதே 2018 ஒக்டோபரில் வடமாகாண சபையின் காலமும் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. ஆகவே ஆதார வைத்தியசாலையில் மருந்து இல்லை என்று சபையில் எழுந்து கேட்க, நாம் தெரிவுசெய்த ஒருவரும் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்களே, அவர்களிடமே கேட்போம். உங்கள் கொப்பியில் எந்த மருந்துக்கு வட்டம் போட்டிருக்கிறது, வெளியில் என்ன விலை என்று கீழே எழுதுங்கள். வைத்தியர், தாதியர் பெயர்கள் வேண்டாம், அவர்கள் இருப்பதைத்தான் தருகிறார்கள். மருந்தின் பெயர், விலை, மாதம் போதும். அதைப் பட்டியலாக்கி யாழ் மாவட்ட உறுப்பினர்கள் எல்லோருக்கும் அனுப்பப்போகிறேன். என்ன பதில் வந்தாலும் அப்படியே இங்கே வாசிப்பேன்.