குடிக்காதவர்கள் என்ன ஆனார்கள்?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கொரோனா காலத்தில் பாளையங்கோட்டையானாலும் கடையநல்லூரானாலும் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுந்தது. “அண்ணாச்சி, எங்க தெருவுல அம்புட்டு பேரும் கசாயம் குடிச்சோம், அம்புட்டு பேருக்கும் சரியாயிட்டு.” இதில் பொய் இல்லை. குடித்தார்கள், சரியானது. ஆனால் கசாயத்தால்தான் சரியானதா என்பது அந்த ஒரு தெருவைப் பார்த்துத் தெரியாது. குடிக்காதவர்கள் என்ன ஆனார்கள்? இந்தக் கேள்வியை இன்றைக்குத் திரும்பத் திரும்பக் கேட்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020இல் முதலில் வந்த கணக்குகளின்படி, நோய் உறுதியானவர்களில் நூற்றுக்குச் சுமார் எண்பது பேருக்கு அது லேசாகத்தான் வந்து போனது. அந்த எண்பது பேருக்கும் சுக்குத் தண்ணி கொடுங்கள், மிளகு ரசம் கொடுங்கள், ஒன்றுமே கொடுக்காதிருங்கள், எண்பது பேரும் எழுந்து நடமாடுவார்கள். மருந்து கொடுத்தவரிடம் நன்றி சொல்ல வருபவர்கள் இவர்கள்தான். மற்ற இருபது பேர் பெரியாஸ்பத்திரியில் கிடப்பார்கள். அவர் வாசலுக்குத் திரும்பி வர மாட்டார்கள். அதனால் அவர் கண்ணில் படுவதெல்லாம் குணமானவர்களே. ஏமாற்றுகிற எண்ணம் துளியும் இல்லாத மனிதர்கூட இப்படித்தான் ஏமாந்து போகிறார்.

சரி, குடித்தவர்களையும் குடிக்காதவர்களையும் எண்ணிப் பார்த்தால் போதுமா? போதாது. தேடிப்போய் வாங்கிக் குடிப்பவர் பெரும்பாலும் நடமாட்டம் உள்ளவர், சாப்பாட்டுக்குக் குறைவில்லாதவர். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர் எங்கே போய் வாங்குவார்? ஆகவே யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதை நோயாளியும் முடிவு செய்யக்கூடாது, வைத்தியரும் முடிவு செய்யக்கூடாது. திருவுளச்சீட்டு போட்டுப் பார்ப்பதுபோல் சீட்டு முடிவு செய்யவேண்டும்.

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி இது. அந்தக் காலத்தில் காசநோய் வந்தால் சானடோரியத்தில் சேர்க்கவேண்டும், நல்ல காற்று, முழு ஓய்வு, முட்டை, பால் எல்லாம் வேண்டும் என்பது உலகம் முழுக்க இருந்த நம்பிக்கை. ஏழைக்கு எங்கே கிடைக்கும்? 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கினார்கள். 193 நோயாளிகளைச் சீட்டு முறையில் பிரித்து, ஒரு பகுதியைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்களை வீட்டிலேயே, அந்த நெருக்கடியான குடித்தனங்களிலேயே இருக்கவிட்டார்கள். மாத்திரை இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஒரு வருஷம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியது. பார்க்கிறவர் கண்ணுக்கு, “ஆகா, இவர்தான் தேறிவிட்டார்” என்று தோன்றும். ஆனால் சளியில் கிருமி ஒழிந்ததா என்று பார்த்தபோது இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவுதான். வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் அதிகம் தொற்றவில்லை. 1959இல் முடிவு வெளியானது. காசநோயாளி வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகத்துக்குக் காட்டியது அந்த ஆய்வு. கண்ணுக்குத் தெரிந்த தேற்றத்தை மட்டும் நம்பியிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

இப்போது 2020 மார்ச் மாதம் பிரான்சில் நடந்ததைப் பாருங்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மாத்திரையை 26 பேருக்குக் கொடுத்தார்கள். கடைசிக் கணக்கில் இருந்தது இருபது பேர். மீதி ஆறு பேர்? மூன்று பேர் தீவிர சிகிச்சைக்குப் போய்விட்டார்கள், ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் ஆஸ்பத்திரியை விட்டே போய்விட்டார், ஒருவர் குமட்டல் தாங்காமல் நிறுத்திவிட்டார். ஆறு பேரையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மருந்து வேலை செய்கிறது என்றார்கள். சீட்டும் போடவில்லை. அந்தக் கட்டுரையை நம்பி எத்தனை ஊர்களில் மருந்துக்கடை முன்னால் வரிசை! சில மாதத்தில் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சீட்டு முறையில் பார்த்தார்கள், உயிர் காக்கவில்லை. அந்தப் பிரெஞ்சுக் கட்டுரையை 2024 டிசம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆக, இது நாட்டு மருந்துக்கு மட்டும் கேட்கிற கேள்வி இல்லை, இங்கிலீஷ் மருந்துக்கும் அதேதான். பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்கையும் இதே முறையில், பெரிய அளவில் சோதிப்பதுதான் சித்தத்துக்குச் செய்கிற மரியாதை.

அதே இங்கிலாந்து ஆய்வில்தான் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து நிரூபணமானது. தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் நூற்றுக்கு 41 ஆக இருந்த சாவு 29 ஆகக் குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கோ ஒரு பலனும் இல்லை. இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டு, 2021இல் காய்ச்சல் வந்த முதல் நாளே வாங்கிப் போட்டவர்கள் நிறையப் பேர். சர்க்கரை எகிறியது, கறுப்புப் பூஞ்சை வந்தது. நிரூபணமான மருந்தும் யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதோடு சேர்ந்தால்தான் மருந்து.

இயற்கைப் பொருள்தானே, என்ன செய்யும் என்பார்கள். கசாயத்தில் அதிமதுரத்தை அள்ளிப் போட்டு நாள் தவறாமல் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் இறங்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களுக்கு இது விளையாட்டில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று ஜாடை காட்டுகிறார்கள். ஆவி பிடிப்பது பற்றி நிறையச் சொல்ல இருந்தேன்; நுரையீரலில் இருக்கும் கிருமியை ஆவி கொல்லாது, கொதிதண்ணிப் பாத்திரம் கவிழ்ந்து பிள்ளைகள் வெந்துபோவதுதான் மிச்சம் என்பதோடு விட்டுவிடுகிறேன். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் பற்றி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு மாட்டவேண்டும். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சோ கருப்பாகப் பிடித்த மருதாணியோ இருக்கிற விரலை விட்டுவிடுங்கள். எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள். 94க்குக் கீழே இருந்தால், மூச்சு வாங்காவிட்டாலும், அடுத்த வேளைக் கசாயத்துக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். வணக்கம்.