பாலம் பறித்தது, பூகம்பம் கொடுத்தது

எல்லோருக்கும் வணக்கம்.

சான் பிரான்சிஸ்கோ போய்விட்டு வந்தவன் பேசுகிறான் என்றால் கோல்டன் கேட் பாலத்தைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்து வந்திருப்பீர்கள். பாலத்தைப் பார்த்தேன், கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் நான் இன்று சொல்ல வந்தது, பாலங்கள் வந்ததால் பிழைப்பை இழந்த ஒரு கட்டடத்தைப் பற்றி. அதன் பெயர் ஃபெர்ரி பில்டிங். படகுத்துறைக் கட்டடம்.

அந்த ஊரின் நடுவே மார்க்கெட் தெரு என்று நீளமான, நேரான ஒரு தெரு ஓடுகிறது. என் மகள் அங்கே வேலை பார்க்கிறாள். அவளோடு ஒரு சனிக்கிழமை காலை அந்தத் தெருவில் டிராமில் போனேன். தெரு முடிகிற இடத்தில், கடலை ஒட்டி, 245 அடி உயரத்தில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. நான்கு பக்கமும் கடிகாரம். ஒவ்வொரு கடிகாரமும் 22 அடி அகலம். எத்தனையோ பிளாக் தள்ளியிருந்தே மணி பார்த்துக்கொள்ளலாம். ஸ்பெயினில் செவில் நகரத்துத் தேவாலயக் கோபுரத்தை மனதில் வைத்து இதை வடிவமைத்தவர் பேஜ் பிரவுன் என்ற கட்டடக் கலைஞர். 1898இல் கட்டடம் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. இரண்டு வருடம் முன்பே ஒரு குதிரை வண்டி விபத்தில் அடிபட்டு இறந்துபோனார். எதிரே நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்கு அவர் நினைவாகவே இருந்தது.

அந்தக் காலத்தில் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே இருந்து வருகிறவர்களுக்கு ரயில் ஓக்லாந்தோடு நின்றுவிடும். நடுவில் விரிகுடா. இறங்கி, மூட்டை முடிச்சோடு படகு ஏறி, இந்தக் கட்டடத்தில்தான் ஊருக்குள் கால் வைக்க வேண்டும். அக்கரையில் வீடு, இக்கரையில் வேலை என்று இருந்தவர்களும் ஏராளம். 1930களின் தொடக்கத்தில் தினமும் 50,000 பேர் இந்தத் துறை வழியாகப் போய் வந்திருக்கிறார்கள். மாடியில் 660 அடி நீளத்துக்கு ஒரே கூடம். மேலே கண்ணாடிக் கூரை, பக்கத்தில் வளைவு வளைவாகத் தூண்கள். அந்த 50,000 பேரும் நடந்த இடம் அது.

1906 ஏப்ரல் 18, விடியற்காலை 5.12. பூகம்பம் ஊரைக் குலுக்கியது. தண்ணீர்க் குழாய்கள் உடைந்து போனதால் தீயை அணைக்க வழியில்லை. மூன்று நாளுக்கு மேல் எரிந்தது. நான்கு லட்சம் பேர் இருந்த ஊரில் பாதிக்கு மேல் வீடில்லாமல் போனார்கள். மக்கள் ட்ரங்குப் பெட்டிகளைக் கல் தெருவில் இழுத்துக்கொண்டு இந்தத் துறையை நோக்கித்தான் ஓடி வந்தார்கள். படகுகள் அவர்களை அக்கரை சேர்த்தன. கடல் தண்ணீரை இறைத்து அடித்தே கரையோரத்தைக் காப்பாற்றினார்கள். கடலில் மண் கொட்டி நிரப்பிய கரை அது. அங்கே நட்ட கழிகளின் மேலும் காங்கிரீட் வளைவுகளின் மேலும்தான் இந்தக் கட்டடம் உட்கார்ந்திருக்கிறது. அது அசைந்து கொடுத்ததே தவிர விழவில்லை. சுற்றிலும் சாம்பல், நடுவில் இந்தக் கோபுரம். அந்தப் பழைய புகைப்படத்தைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும்.

பூகம்பத்துக்குத் தப்பியது பாலத்துக்குத் தப்பவில்லை. 1936இல் ஓக்லாந்துப் பக்கம் பே பிரிட்ஜ் திறந்தார்கள். அடுத்த வருடமே வடக்கே கோல்டன் கேட். காரை எடுத்தால் நேரே போய்விடலாம் எனும்போது படகுக்கு யார் காத்திருப்பார்கள்? கூட்டம் குறைந்தது. 1958இல் ஓக்லாந்துக்குப் போன கடைசிப் படகும் நின்றது. அந்த அழகான கூடத்தைத் தடுத்து, மறைத்து, ஆபீஸ் அறைகளாக்கிவிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. 1959இல் கட்டடத்தின் முகத்துக்கு நேரே இரண்டு அடுக்குக் காங்கிரீட் மேம்பாலச் சாலை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மார்க்கெட் தெருவில் நின்று பார்த்தால் மேம்பாலத்துக்கு மேலே கோபுரத்தின் கழுத்து மட்டும்தான் தெரியும். ஊருக்கும் கடலுக்கும் நடுவே சுவர் எழுப்பியது போலத்தான். எனக்கு இதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. இடித்துவிடலாமா என்று 1986இல் ஊர் மக்களிடமே வாக்கு கேட்டார்கள். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். வண்டி போக வழி வேண்டுமே!

அப்புறம் 1989 அக்டோபர் 17. சாயங்காலம் 5.04. மறுபடி பூகம்பம். 63 பேர் இறந்தார்கள். பே பிரிட்ஜின் மேல்தளத்தில் ஒரு துண்டு கீழ்த்தளத்தின் மேல் விழுந்தது. பாலத்தை ஒரு மாதம் மூடி வைத்தார்கள். அக்கரைக்கு எப்படிப் போவது? அவசரமாகப் படகுகளைக் கொண்டுவந்து இதே துறையில் நிறுத்தினார்கள். அரைநூற்றாண்டுக்கு முன் பாலம் எடுத்துக்கொண்ட கூட்டம், பாலம் விழுந்த வாரத்தில் திரும்பி வந்தது. அந்த மேம்பாலச் சாலையும் விரிசல் விட்டது. 1991இல் அதை இடித்து எடுத்தார்கள். முப்பது வருடத்துக்குப் பிறகு அந்த இடத்தில் வெயில் விழுந்தது.

இடித்த இடத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? 1992இல் ஒருநாள் விவசாயிகள் வந்து காய்கறி விற்றார்கள். ஊர் திரண்டு வந்தது. அடுத்த வருடத்தில் இருந்து வாராவாரம் சந்தை. கட்டடத்தையும் பழுதுபார்த்து, தடுப்புகளை எடுத்து, மேலே இருந்து வெளிச்சம் தரைத்தளம் வரை இறங்கும்படி திறந்துவிட்டு, 2003இல் சந்தைக் கூடமாக்கினார்கள். ரொட்டி, பாலாடைக்கட்டி, சிப்பி, காபி, பூ என்று கடைகள். உள்ளே விலை அதிகம்தான், மறைக்கவில்லை. சம்பளக்காரர்கள் மட்டுமே வாங்கிப் போகிற இடமாகிவிடுமோ என்ற கவலை எனக்கு இருக்கிறது. வெளியே விவசாயிகள் சந்தையில் அரசின் உணவு உதவி அட்டையையும் வாங்கிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

விளைவித்தவரே விற்க வேண்டும் என்பது அந்தச் சந்தையின் விதி. நாம் 1999இல் மதுரையில் உழவர் சந்தை தொடங்கினோமே, அதே எண்ணம்தான். கலிஃபோர்னியாவில் 1977இல் இருந்து இதற்குச் சட்டப்படி இடம் இருக்கிறது. நான் ஒரு தக்காளிக் கடையில் நின்றேன். சின்னச் சின்னத் தக்காளி, எலுமிச்சையை விடக் கொஞ்சம் பெரிது. அறுபது வயது இருக்கும் அந்த விவசாயிக்கு. ஒன்றை நான்காக நறுக்கி நீட்டினார். வாயில் போட்டால் அப்படி ஒரு இனிப்பும் புளிப்பும்! "எவ்வளவு தண்ணீர் விடுவீர்கள்?" என்று கேட்டேன். "நாற்று நடும்போது கொஞ்சம். வேர் பிடித்துவிட்டால் நிறுத்திவிடுவேன்" என்றார். அங்கே மழை குளிர்காலத்தில்தான். அந்த ஈரம் களிமண்ணுக்குள் அடியில் தங்கிவிடுமாம். கோடையில் வேர் அதைத் தேடிக்கொண்டு இறங்குமாம். காய் குறையும், சிறுக்கும், ருசி ஏறும். அதாவது மானாவாரித் தக்காளி! இந்தச் சொல்லையும் அதன் அர்த்தத்தையும் மகள் அவருக்கு விளக்கிச் சொன்னாள். அவர் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். நகக்கண்ணில் தக்காளிச் செடியின் பச்சைக் கறை. என் அப்பாவின் விரல்களும் அப்படித்தான் இருக்கும்.

கட்டடத்தின் பின்பக்கம் போனால் கைத்தடியோடு ஒருவர் நடந்துகொண்டிருக்கிறார். நம் காந்தி! 1988இல் வைத்த சிலை. அவருடைய காலடியில் ஒரு குழந்தை பீச் பழம் தின்றுகொண்டிருந்தது.

அருங்காட்சியகங்கள் எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்தக் கட்டடத்தை அருங்காட்சியகமாக்கியிருந்தால் நான் ஒரு தடவை போய்விட்டு மறந்திருப்பேன். தக்காளி வாங்க வருகிறவர்களும் படகு பிடிக்க ஓடுகிறவர்களும் இருப்பதால்தான் அதற்கு உயிர் இருக்கிறது. நம் ஊரில் பழைய சந்தைக் கட்டடத்தை என்ன செய்யலாம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: அங்கே மக்களுக்கு தினசரி ஒரு வேலை இருக்கட்டும், வர்ணத்தைப் பிறகு அடிக்கலாம்.

சரி, திரும்பின கதையைச் சொல்லிவிடுகிறேன். ஓக்லாந்துப் படகில் ஏறினோம். வடம் அவிழ்க்கிற பெண் கட்டையில் இருந்து அதைச் சுழற்றி எடுத்த லாவகத்தை இன்னொரு தடவை பார்க்க மாட்டோமா என்று இருந்தது. சைக்கிளோடு சிலர், காய்கறிப் பையோடு பலர். கொஞ்ச தூரம் போனதும் படகு பே பிரிட்ஜின் அடியில் நுழைந்தது. தலைக்கு மேலே வண்டிகளின் இரைச்சல். திரும்பிப் பார்த்தேன், கோபுரத்தில் மணி மூன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. அக்கரை சேர்வதற்குள் தக்காளிப் பையில் பாதியை நாங்கள் இரண்டு பேரும் தின்று தீர்த்திருந்தோம்.